பள்ளி வாசலில் யாரை நிறுத்துவது? நீலகிரியில் காவலர் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்த பெற்றோரும், மாறுதலில் மலையேறி வந்த தலைமையாசிரியர்களும் முதல் சில வாரங்களிலேயே கேட்டுவிடும் கேள்வி, "நல்ல வாட்ச்மேன் ஒருவர் கிடைப்பாரா?" என்பது. கிடைப்பார். ஆனால் கேட்பவர்கள் மனத்தில் பெரும்பாலும் இருப்பது ஹைடெக் லேப் கம்ப்யூட்டரும் ஸ்மார்ட் போர்டும் களவு போகாமல் பார்த்துக்கொள்ளும் ஆள். அந்த எண்ணத்தோடு தேடினால் மீசையும் உடற்கட்டும் பார்த்துத்தான் தேர்வு நடக்கும். நாம் வாசலில் நிறுத்தப்போகும் மனிதர் நாள் முழுவதும் குழந்தைகள் நடுவில் இருக்கப்போகிறவர். எந்தக் குழந்தை தனியாக வருகிறது, எந்த வகுப்பு எப்போது காலியாக இருக்கிறது, எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் ஆசிரியர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிடும். ஆகவே குழந்தைகள் பக்கத்தில் விடத் தகுந்தவரா என்பதை முதலில் பாருங்கள். பூட்டைக் காப்பவரா என்பது அதற்குப் பிறகு.

முதல் வேலை: பள்ளியைச் சுற்றி நடங்கள்

ஆளைத் தேடும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு முன் ஒருமுறையும், பள்ளி விட்ட பிறகு ஒருமுறையும் வளாகத்தைச் சுற்றி வாருங்கள். நம் மலையில் பல பள்ளிகள் சரிவில் படிப்படியாகக் கட்டப்பட்டவை. மேல் கட்டடத்தில் நின்றால் கீழ்க் கட்டடத்தின் கழிப்பறைப் பக்கம் தெரியாது. சுற்றுச்சுவர் இருக்கும் இடத்திலும் அது பாதியில் நின்று தேயிலைச் செடிகளுக்குள் முடிந்துவிடும். படுகர் ஊரான ஹட்டிக்கோ எஸ்டேட் லைன் வீடுகளுக்கோ போகும் குறுக்குப்பாதை மைதானத்தின் வழியே போகும். அதை ஒரேயடியாக அடைத்தால் ஊரோடு சண்டைதான் வரும். பள்ளி நடக்கும் நேரத்தில் மட்டும் மூடுவது என்று ஊர்ப் பெரியவர்களோடு பேசி முடிவு செய்வதுதான் நடக்கிற காரியம். அந்த நேரத்தையும் நோட்டில் குறியுங்கள்.

பருவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் மண்சரிவும் கவலை. உதகையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி. மூடுபனி இறங்கிவிட்டால் கேட்டில் நிற்பவருக்குப் பத்தடி தள்ளி வரும் ஆளின் முகம் தெரியாது. கோடை சீசனில் பள்ளி பூட்டியிருக்கும், ஆனால் சாலையோர மைதானத்தில் சுற்றுலா வண்டிகள் தாமாகவே வந்து நிற்கும்.

இப்படி நடந்து பார்த்தால் பகல் வேலையும் இரவு வேலையும் வேறு வேறு என்பது தெளிவாகிவிடும். பகலில் கேட்டில் இருப்பவருக்கு முகங்கள் நினைவில் நிற்க வேண்டும், பேச்சு இதமாக இருக்க வேண்டும். இரவில் இருப்பவருக்குப் பூட்டு, விளக்கு, போன் ஆகிய மூன்றிலும் ஒழுங்கு வேண்டும். ஒரே ஆளை இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கச் சொல்லாதீர்கள். இரவெல்லாம் விழித்தவர் காலையில் கேட்டில் தூங்குவார். அது அவர் குற்றமாகாது.

யார் மூலம் எடுப்பது

அரசுப் பள்ளியில் காவலர் அல்லது இரவுக் காவலர் பணியிடம் அனுமதிக்கப்பட்டிருந்தால், அதை நிரப்புவது கல்வித்துறையின் பொறுப்பு. குழு செய்யக்கூடியது, காலியிட விவரத்தோடு தீர்மானம் போட்டு மாவட்டக் கல்வி அலுவலர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, விடாமல் நினைவூட்டுவது. பணியிடமே இல்லை என்றாலோ, ஆள் வரும் வரை இடைக்கால ஏற்பாடு வேண்டும் என்றாலோ மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, டெக்ஸ்கோ என்று சொல்லப்படும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம். இரண்டு, உரிமம் பெற்ற தனியார் பாதுகாப்பு ஏஜென்சி. மூன்று, குழுவோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ உள்ளூரில் தற்காலிகமாக ஒருவரை அமர்த்துவது. எந்த வழியானாலும் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையெழுத்திடுகிறார்கள், எத்தனை மாதத்துக்கு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அவர்கள் இல்லாத கூட்டத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், பகல் கேட்டுக்கு அந்த ஊரிலேயே வாழும், எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நடுத்தர வயதுப் பெண் ஒருவரைச் சொல்வேன். யார் வீட்டுக் குழந்தை, யார் அதன் தாய்மாமன் என்பது அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவுக்கு முன்னாள் படைவீரர். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் குன்னூர்ப் பக்கம் ஓய்வு பெற்ற ராணுவத்தினருக்குப் பஞ்சமில்லை. உதகையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டாலும் வழி காட்டுவார்கள். ஆனால் உள்ளூர்க்காரர், ராணுவத்தில் இருந்தவர், கவுன்சிலர் சொன்னவர் என்ற எந்தக் காரணத்துக்காகவும் கீழே வரும் படிகளில் ஒன்றைக்கூடத் தாண்டாதீர்கள். தெரிந்த குடும்பம்தானே என்று விட்ட இடங்களில்தான் பின்னால் வாய் திறக்க முடியாமல் போகிறது.

ஏஜென்சி என்றால்

தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005 இதற்கென்றே இருக்கிறது. உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் நடத்தக் கூடாது. உரிமத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். நகலைக் கொடுத்தால் போதாது, மூலத்தைக் கேளுங்கள். அதை அவர்கள் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பதே சட்டம். தேதி முடிந்திருந்தால், "புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம்" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடலாம்.

அந்தச் சட்டப்படி காவலருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், அறுபத்தைந்தை எட்டியிருக்கக் கூடாது. நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரையும், ராணுவம் அல்லது காவல்துறையிலிருந்து ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவரையும் அமர்த்தக் கூடாது. பயிற்சி கட்டாயம். மத்திய அரசின் மாதிரி விதிகள் வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் என்று அதைச் சொல்கின்றன. முன்னாள் படைவீரர், காவல்துறையினருக்கு அது 40, 16 என்று குறைகிறது. பயிற்சிச் சான்றிதழில் உள்ள தேதிகளைப் பாருங்கள். நூற்றறுபது மணி நேரப் பயிற்சி ஒரு வாரத்தில் முடிந்ததாக எழுதியிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெயர் குறிப்பிட்டு, சரிபார்த்து, நாம் ஏற்றுக்கொண்ட காவலரைத் தவிர வேறு யாரையும் ஒரு நாள்கூட அனுப்பக் கூடாது என்பது முதல் வரி. ஏஜென்சிகள் லீவு நாளில் யாரோ ஒருவரைச் சட்டையை மாற்றி அனுப்பிவைப்பது வெகு சாதாரணமாக நடக்கிறது. பதிலி ஆள்களையும் முன்கூட்டியே சரிபார்த்து இருவரைப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வரி, குழந்தை தொடர்பான புகார் வந்தால் அன்றே அவரை வளாகத்திலிருந்து விலக்குவது. சட்டைப்பையில் புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காக்கியோ ராணுவப் பச்சையோ போட்டுக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். காவல்துறை, ராணுவச் சீருடையைத் தனியார் காவலர் அணிவது தண்டனைக்குரியது.

தாள்களைப் படிப்பது

ஆதார், முகவரிச் சான்று, படிப்புச் சான்றிதழ், இரண்டு புகைப்படம், அரசு மருத்துவரிடம் பார்வை, செவித்திறனுக்கான சான்று: இவை எல்லோரும் கேட்பவை. இவற்றோடு, பதினெட்டு வயது முதல் இன்று வரை எங்கெங்கே வேலை செய்தார் என்பதை ஆண்டு வாரியாக அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இடையில் ஓராண்டு, ஈராண்டு காணாமல் போயிருந்தால் கேளுங்கள். உடல்நலக் குறைவு, குடும்பச் சுமை, திருப்பூர் பனியன் கம்பெனி என்று பெரும்பாலும் நியாயமான காரணமே இருக்கும். கேட்டதும் கோபப்படுகிறவரிடம் இன்னும் நிதானமாகக் கேளுங்கள்.

முன்னாள் படைவீரர் என்றால் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பணியிலிருந்து எந்தக் காரணத்தால் விடுவிக்கப்பட்டார், நடத்தை எப்படி என்று அதில் தனித்தனிப் பதிவு இருக்கும். பலர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு சல்யூட் அடித்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். மதிக்கப்பட வேண்டிய சேவைதான், அந்தப் பக்கத்தையும் படித்துவிட்டு மதிப்போம்.

போலீஸ் சரிபார்ப்பு

இதில் விருப்பம், விலக்கு எதுவும் கிடையாது. போக்சோ என்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். அதன் 2020-ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு தொடர்பில் வரும் எந்த நிறுவனமும் தன் பணியாளர் ஒவ்வொருவரையும், ஆசிரியரோ அல்லாதவரோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. அதுவும் குறிப்பிட்ட கால இடைவெளியில், திரும்பத் திரும்ப. சேரும்போது ஒருமுறை வாங்கி பீரோவில் வைத்தால் கடமை முடியாது.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பணிக்கான சரிபார்ப்பு விண்ணப்பம் இருக்கிறது. கட்டணத்தைப் பள்ளியோ ஏஜென்சியோ கட்ட வேண்டும், காவலர் தலையில் கட்டாதீர்கள். இன்னொன்று, நம் மாவட்டம் கேரளத்தையும் கர்நாடகத்தையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. கூடலூர், எருமாடு, சேரம்பாடி பக்கத்து ஆள் வயநாட்டிலோ நிலம்பூரிலோ குண்டல்பேட்டையிலோ பல ஆண்டுகள் இருந்திருக்கலாம். அப்படியானால் அந்த மாவட்டக் காவல்துறையின் சான்றையும் கேளுங்கள். தேயிலைத் தோட்டத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களுக்கும் இதே முறைதான். வெளியூர்க்காரர் என்பதால் கூடுதல் சந்தேகமும் வேண்டாம், கூடுதல் சலுகையும் வேண்டாம். நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்து வழக்கு இருக்கிறதா என்று தேடலாம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் தந்தை பெயர், ஊர் பொருந்தாமல் எதையும் நம்பிவிடாதீர்கள். பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018-இல் தொடங்கப்பட்டது, அது காவல்துறையின் பார்வைக்கு மட்டுமே.

என் மீது குழந்தை தொடர்பான வழக்கோ புகாரோ இல்லை, இருந்தால் மறைக்க மாட்டேன் என்று அவரிடம் கையெழுத்துடன் உறுதிமொழியும் வாங்குங்கள். பின்னாளில் பொய் என்று தெரிந்தால் அது ஒன்றே நீக்கத்துக்குப் போதுமான காரணம்.

முந்தைய வேலையிடத்துக்குப் பேசுவது

போலீஸ் தாளில் வழக்காகப் பதிவானது மட்டுமே இருக்கும். நம் ஊரில் இப்படிப்பட்ட சங்கதிகள் வழக்கு வரை போவது குறைவு. "பேர் கெட்டுவிடும்" என்று ஆளை அமைதியாக அனுப்பிவிடுவார்கள், அவர் அடுத்த பள்ளத்தாக்கில் இன்னொரு பள்ளிக்குப் போய்விடுவார். அந்தச் சங்கிலியை அறுப்பது இந்தப் படிதான், ஆனால் அதிகம் கைவிடப்படுவதும் இதுதான்.

அவர் கொடுத்த செல்போன் எண்ணுக்குப் பேசாதீர்கள், அது மச்சான் எண்ணாக இருக்கலாம். பள்ளி, பங்களா, ரிசார்ட், எஸ்டேட் எதுவானாலும் அதன் அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்து, பொறுப்பில் இருப்பவரிடம் பேசுங்கள். கோத்தகிரியிலோ குன்னூரிலோ என்றால் பஸ் ஏறி நேரிலேயே போய்விடலாம். "நல்ல ஆளா?" என்று கேட்டால் "நல்ல ஆள்தான்" என்ற பதில் மட்டுமே வரும். இப்படிக் கேளுங்கள்: எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் போனார்? அவராகப் போனாரா, நீங்கள் அனுப்பினீர்களா? குடித்துவிட்டு வேலைக்கு வந்ததுண்டா? குழந்தைகளோடு, பெண்களோடு அவர் நடந்துகொண்ட விதம் பற்றி யாராவது உங்களிடம் பேசியதுண்டா? மறுபடியும் உங்கள் இடத்தில் வேலைக்கு வைப்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு மறுமுனையில் பதில் தாமதமானால் அந்தத் தாமதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்யும் தூய்மைப் பணியாளரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அலுவலக அறைக்கு எட்டாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேசிய தேதி, பேசியவர் பதவி, சொன்ன பதில் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேருங்கள். உங்கள் காவலரைப் பற்றி நாளை இன்னொரு பள்ளி விசாரித்தால் நீங்களும் உண்மையைச் சொல்லுங்கள்.

நேர்காணல்

தலைமையாசிரியர், ஒரு பெண் ஆசிரியர், பெற்றோர் இருவர், அதில் ஒருவராவது தாய். கேள்விகள் நடந்த, நடக்கக்கூடிய சங்கதிகளாக இருக்கட்டும்.

"மதியம் இரண்டரை மணிக்கு ஒருவர் வருகிறார். நான்காம் வகுப்புப் பெண்ணின் சித்தப்பா, பாட்டிக்கு உடம்பு சரியில்லை, கூட்டிப்போக வேண்டும் என்கிறார். அந்தக் குழந்தையும் சித்தப்பாதான் என்று தலையாட்டுகிறது. என்ன செய்வீர்கள்?" குழந்தையே தலையாட்டிய பிறகு அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர். நமக்கு வேண்டிய பதில், அவரைக் கேட்டிலேயே உட்காரவைத்து, தலைமையாசிரியரிடம் சொல்லி, பதிவேட்டில் உள்ள தாயின் எண்ணுக்குப் பேசி, கையெழுத்து வாங்கிய பிறகே அனுப்புவது என்பது. அந்தப் பதில் முழுதாக வராவிட்டாலும், "நான் யாரிடமாவது கேட்பேன்" என்றாவது சொல்கிறாரா பாருங்கள். மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம்.

"குடித்துவிட்டு ஒரு தகப்பன் வந்து கத்துகிறான்." "ஒரு பையன் கழிப்பறையில் அழுதுகொண்டிருக்கிறான், பக்கத்தில் யாரும் இல்லை." இரண்டாவதற்கு, உள்ளே தனியாகப் போகாமல் ஆசிரியரை அழைப்பேன் என்ற பதில் வந்தால் மனம் நிம்மதி அடையும்.

"இரவு சத்துணவுக் கூடத்தின் கதவைக் கரடி உடைக்கிறது." எண்ணெய் வாசனைக்குக் கரடி வருவது நம் பக்கம் புதிதல்ல. தடியோடு துரத்துவேன் என்பவரைப் பாராட்டாதீர்கள். அறைக்குள் இருந்தபடி வனத்துறைக்குப் போன் செய்பவரே வேண்டும். யானைக்கும் காட்டுமாட்டுக்கும் இதே விதி. கரடி உடைத்த கதவை மறுநாள் தச்சர் சரிசெய்துவிடுவார்.

பேசும் விதத்தைக் கடைசிவரை கவனியுங்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து வரும் பெற்றோர் பலர் கேட்டுக்கு வெளியே தயங்கித்தான் நிற்பார்கள். அங்கே ஒரு அதட்டல் விழுந்தால் அவர்கள் மறுபடி வர மாட்டார்கள், சில நாளில் குழந்தையும் வராது. பந்தலூர்ப் பக்கம் என்றால் மலையாளமும், ஹட்டிகள் சூழ்ந்த இடம் என்றால் படுக மொழியும் கொஞ்சமாவது புரிகிறவர் கேட்டில் இருப்பது பெரிய உதவி.

எழுதிக் கொடுக்க வேண்டிய விதிகள்

ஒரு பக்கத்துக்குள் முடியட்டும், தமிழில் இருக்கட்டும், படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். குழந்தையோடு மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. தொடுவது, மடியில் உட்காரவைப்பது, மிட்டாய் வாங்கித் தருவது, கடைக்கு அனுப்புவது கூடாது. குழந்தைகளைப் படமெடுக்கவோ அவர்கள் போன் எண்ணை வாங்கவோ கூடாது. அடிக்க, மிரட்ட, தண்டிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பெண்கள் கழிப்பறைப் பக்கம் பள்ளி நேரத்தில் போகக் கூடாது. காவலர் அறைக்குள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, மழை பெய்தாலும். மழைக்கு ஒதுங்க வராந்தா இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயர், நேரம், காரணம், யாரைப் பார்க்க என்ற நான்கும் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது, கட்சிக்காரரானாலும் சரி, முன்னாள் மாணவரானாலும் சரி.

அவருக்கு நாம் தர வேண்டியவை

அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாதீர்கள். ஏஜென்சி மூலம் என்றால் நாம் கொடுக்கும் தொகையில் எவ்வளவு அவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தது கட்டப்பட்டதா என்று மாதாமாதம் ரசீது கேளுங்கள். சம்பளம் தராத இடத்தில் நல்லவர் தங்க மாட்டார். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் நாம் செய்த சரிபார்ப்பெல்லாம் வீண்.

மழைக்கோட்டு, கம்பூட்ஸ், ஸ்வெட்டர், நல்ல டார்ச், விசில், முக்கிய எண்கள் எழுதிய அட்டை, கேட்டருகே கூரையும் ஜன்னலும் உள்ள ஒரு சிறு அறை வேண்டும். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்க ஒருபோதும் விடாதீர்கள். அந்தப் புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலையில் இப்படி இறந்தவர்கள் உண்டு. கூடுதல் கம்பளியும் ஃபிளாஸ்க்கில் சூடான டீயும் கொடுங்கள்.

முதல் மூன்று மாதமும் அதன் பிறகும்

மூன்று மாதம் தகுதிகாண் காலம் என்று ஆணையிலேயே எழுதுங்கள். வாரம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் பதிவேட்டைப் பாருங்கள், இரவில் ஒருமுறை போன் செய்யுங்கள். குழந்தைகளிடம் பொதுவாகக் கேளுங்கள்: கேட்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ எப்படி, பிடித்திருக்கிறதா? ஒரு குழந்தை பின்வாசல் வழியாகவே போக ஆரம்பித்திருந்தால் ஏன் என்று பாருங்கள். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித்துறை உதவி எண்) ஆகிய இரண்டும் குழந்தைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புகார் வந்தால் குழு கூடி விசாரிக்கும் வேலை வேண்டாம். குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும், இரு வீட்டாரை உட்காரவைத்துச் சமரசம் பேசுவதும் குழந்தைக்கு இழைக்கும் இரண்டாவது கொடுமை. சந்தேகம் எழுந்தாலே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தன்கீழ் உள்ள பணியாளர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. குழந்தையின் பெயர் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரக் கூடாது. காவலரை அன்றே வளாகத்துக்கு வெளியே நிறுத்துங்கள்.

எந்தக் காரணத்தால் அவர் விலகினாலும், சாவிகள், அடையாள அட்டை, டார்ச், பதிவேடு ஆகியவற்றைக் கையெழுத்துடன் திரும்ப வாங்கி, அவரிடம் சாவி இருந்த பூட்டுகளை அந்த வாரத்திலேயே மாற்றுங்கள். இன்று முதல் அவர் பள்ளியின் காவலர் இல்லை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள், வேன் ஓட்டுநர்களுக்கும் சொல்லுங்கள்.